நார்த்மீட் செம்மண்

எழுபதுகளில் சிட்னியில் ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. தோட்டக்காரர்கள் மண்ணைத் தகரப்பேணியில் கொண்டுவந்து, விரலால் உருட்டி, முகர்ந்து பார்த்து, "அருமையான மண்" என்பார்கள். நிறத்தையும் மணத்தையும் நம்பாதீர்கள், முடிவு வரட்டும் என்று நான் பாடம் நடத்துவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த நாளில் ஊர் நண்பன் ஒருவன் வீடு வாங்க அலைந்தான். நார்த்மீட்டில் ஒரு வீட்டைப் பார்க்க தன் மனைவியோடு என்னையும் கூட்டிப்போனான். வீட்டுக்குப் பின்னால் தோட்ட வளவு முழுக்கச் சிவப்பு. யாழ்ப்பாணத்தானுக்குச் செம்மண்ணைக் கண்டால் படித்த படிப்பெல்லாம் பறந்துவிடும். ஒரு பிடி அள்ளிப் பிசைந்தேன்.

"எங்கட செம்மண்தான். யோசிக்காமல் வாங்கு," என்றேன். தகரப்பேணியும் பரிசோதனையும் நினைவுக்கே வரவில்லை.

வாங்கினார்கள். நண்பனின் மனைவி வெங்காயம் நட்டாள், அழுகியது. மறுபடி நட்டாள், அதுவும் அழுகியது. ஊரில் அவள் பெயர்போன கைராசிக்காரி. முதல் கன்றை ஊன்ற அயலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"அவ இப்ப வளவுப் பக்கமே போறதில்லை," என்று நண்பன் சிரித்தான். "கடல் தாண்டினதோட கைராசி போயிட்டுதாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே அவர்கள் வளவில் மண் எடுத்துப் பரிசோதித்தேன். எங்கள் யாழ்ப்பாணச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல், தண்ணீர் நிற்காது. இதுவோ கெட்டிக் களி, விழுந்த மழை அப்படியே தேங்கும். "யாருடைய தோட்டம்? செங்கல் அறுக்கலாமே," என்றார் பக்கத்து மேசைக்காரர். நான் பார்த்துக்கொடுத்த வளவு என்பதை மறைத்து, பேணியை மூடி ஒதுக்கி வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று மாலை நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றாள்.

"பிழை மண்ணில, தங்கச்சி. பரிசோதிச்சுப் பாத்தனான். தண்ணி வடியாத களி. உங்கட கையில ஒரு குறையும் இல்லை."

"எனக்காகச் சொல்லுறியள், அண்ணை," என்று தேநீரை நீட்டினாள். "அண்டைக்குப் பிசைஞ்சு பாத்திட்டுத்தானே நல்ல மண் எண்டனீங்கள். மண்ணைப் படிச்ச ஆளுக்குப் பிழை வருமே?"

என் படிப்பின்மேல் அவள் வைத்திருந்த மரியாதையே எனக்கு எதிராக நின்றது. என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

கோடை தொடங்கியதும் என் வீட்டில் மிளகாய்க் கன்று ஊன்றித் தரும்படி அவளைக் கூப்பிட்டேன். நல்ல கருமண், நானே பரிசோதித்தது. வந்தாள். கன்றை நீட்டினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே நடுங்கோ, அண்ணை. நான் தொட்டால் பட்டுப்போகும்."