சிப் இல்லாத கார்டும் அவள் பிடித்த ரயிலும்

2007 வாக்கில் நடந்தது. நான் ஷார்ஜா ரோலாவில் ரூம் எடுத்துத் தங்கி, துபாய் அல் குசைஸில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி இங்கிலாந்தில் நர்ஸ். கல்யாணம் முடிந்த கையோடு ஆளுக்கொரு திசையில் விமானம் ஏறியவர்கள் நாங்கள். ஒரு வருடம் கழித்து அவளுக்கு லீவு கிடைத்தது. என்னைப் பார்க்க வருவதாக இருந்தாள்.

அவள் வேலை பார்த்த ஊரிலிருந்து லண்டன் விமான நிலையத்துக்கு ரயிலில் போக வேண்டும். புருஷன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன் என்று, அந்த டிக்கெட்டை நான்தான் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன். “ரயிலே இல்லாத ஊர்ல உக்காந்து ரயில் டிக்கெட் போடுற ஒரே ஆளு நீதான் மாப்ள” என்று ரூமில் ஒரே கிண்டல். பணம் கட்டிய அதே கார்டை ஸ்டேஷன் மெஷினில் போட்டால்தான் டிக்கெட் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் அவள் இருந்த ஊருக்குப் போகிற ஒருவரிடம் முறுக்குப் பொட்டலத்தோடு கார்டையும் கொடுத்தனுப்பினேன். வளைகுடாவில் நமக்கு அதுதானே தபால்!

புறப்படும் நாளில் போன் வந்தது. குரலில் அழுகை.

“ஏங்க, மெஷின் கார்ட வெளிய தள்ளிட்டே இருக்கு. சிப் இல்லாத கார்டு ஆகாதாம்.”

அப்போது என் கார்டில் கறுப்புப் பட்டை மட்டும்தான். கவுண்டரில் கேட்டால், கார்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கார்டுக்காரனோ அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறான். புது டிக்கெட் வாங்க அவள் கையில் காசு போதாது. அந்த ரயில் போனால் விமானமும் போச்சு.

கவுண்டர்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதிவு எண்ணைச் சொன்னேன். இவர் உங்களுக்கு யார் என்றார். மனைவி என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். “ஒரு வருஷம்” என்பதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் திருத்தினேன். அவர் போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

“குடுத்துட்டாருங்க!” என்று கத்தியவள், போனை அணைக்க மறந்து ஓடினாள். செருப்புச் சத்தம், பெட்டிச் சக்கரம், மூச்சிரைப்பு, கதவு மூடுவது, பிறகு ரயில் நகர்வது. சூப்பர்வைசர் “ஜல்தி பாய்” என்று அதட்டியும் போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனாலும் அவள் மூச்சு வாங்க மாடியேறி வரும்போதெல்லாம், இவள் ஒருநாள் என்னிடம் வந்து சேர அப்படி ஓடியவள் என்ற நினைப்பில் எழுந்துபோய் நானே கதவைத் திறக்கிறேன்.