நாலாம் நாள் படம்

பள்ளியில் அவளுக்குப் பீரங்கி டீச்சர் என்று பெயர். ஏழாம் வகுப்புக்கு அந்தப் பழைய கோட்டை முற்றுகையை அவள் நடத்தினால், நாலு அறை தள்ளியிருக்கும் கணக்கு வாத்தியார்கூடக் கணக்கை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். ஏழு நாள் போர், ஏழு நாள் பாடம். கேள்வி கேட்பதும் அவள்தான், பதில் சொல்வதும் அவள்தான். கேட்டுவிட்டு மூன்று எண்ணுவதற்குள் அவளுக்கே பொறுக்காது. பிள்ளைகளும் அது தெரிந்து வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பதினெட்டு வருடம் இப்படியே ஓடியது.

இந்த வருடம் பி பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். போரின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம், தன் கையால் வரைந்து வந்து பலகையில் ஒட்டுவார். "இதுல யாரு சண்டை போடல?" என்று கேட்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான் பாடம். பிள்ளைகள் அவரைக் கேள்வி சார் என்றார்கள். பீரங்கி டீச்சரின் மகளும் அந்தப் பிரிவில்தான் இருந்தாள்.

"சார் எதையும் சொல்லவே மாட்டாரும்மா. எங்களையே கண்டுபிடிக்க வச்சிடுவாரு."

"தெரியாதவங்க அப்படித்தான் நடத்துவாங்க" என்றாள் அம்மா.

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் சுட்டது. சின்ன வயதில் இதே போரைக் கேட்டுக்கொண்டே தூங்கிய பெண், மூன்றே நாளில் கட்சி மாறிவிட்டாள். மறைப்பானேன், டீச்சருக்கு முதல் தரமான பொறாமை.

அன்று மாலை ஆசிரியர் அறையில் யாருமில்லை. கேள்வி சாரின் கோப்பு மேஜைமேல் கிடந்தது. நாலாம் நாள் படத்தை மட்டும் உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கிழித்தெறியத்தான் நினைத்தாள். மனுஷன் அழகாக வேறு வரைந்து தொலைத்திருந்தார்.

மறுநாள் இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் வரலாறு. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. தன் பிள்ளைகளை வரைபடம் வரையச் சொல்லிவிட்டு, அவள் தடுப்பை ஒட்டி நின்றாள். திண்டாடட்டும் என்று காத்திருந்தாள்.

"நாலாவது படம் காணோம். அதுல என்ன இருந்திருக்கும்?" என்றார் அவர், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

வகுப்பு கலகலத்தது. குதிரை என்றார்கள், தீ என்றார்கள். கடைசியில் மகளின் குரல் கேட்டது.

"கோட்டைக்குள்ள கிணறு வத்திடுச்சு சார். ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து வரிசையில நின்னாங்க."

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அது அவள் சொன்ன கதை, அவள் சொற்கள். இத்தனை படம் போட்டும் கடைசியில் ஜெயித்தது அம்மாவின் வாய்தான்.

"வரிசையில பதினோரு பானை. ஒண்ணு மட்டும் உடைஞ்சிருக்கு."

பானைகளை டீச்சர் ஒரு நாளும் எண்ணிச் சொன்னதில்லை. பதினொன்று படத்தில்தான் இருந்தது.

"பதினொண்ணுன்னு எப்படிம்மா சொல்றே?" என்றார் சார்.

"சும்மா ஊகம்தான் சார்."

காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுக்க மகள் அம்மாவின் பைக்குள் கை விட்டது அப்போதுதான் டீச்சருக்கு நினைவு வந்தது. அதன்பின் அந்த வகுப்பில் பீரங்கி வெடிக்கவேயில்லை.

மாலையில் இருவரும் வழக்கம்போல் சேர்ந்து நடந்தார்கள். தெருமுனையில் மகள் நின்றாள். கோபமில்லை, குத்தலும் இல்லை.

"அந்தப் படத்தைச் சார்கிட்ட நீ குடுக்கிறியாம்மா, நான் குடுக்கட்டுமா?"

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அம்மா மனசுக்குள் மூன்று வரை எண்ணினாள். பத்து வரை எண்ணினாள். மகள் அப்படியே காத்துக்கொண்டு நின்றாள்.