பீடத்தில் வைத்த ஒட்டுப்பால்

போன வாரம் கேகாலை பஸ் நிலையத்தில் எங்கள் பஸ் புறப்படக் காத்திருந்தபோது, ஒட்டுப்பால் ஏற்றிய லொறி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஒட்டுப்பால் என்றால், ரப்பர் மரத்தின் வெட்டில் வடிந்து அங்கேயே காய்ந்துபோகும் பால். அதை நாராக உரித்து உருட்டி வைத்தால் இரண்டு நாளில் கிளம்பும் வாடையை எழுதிக் காட்ட என்னால் ஆகாது. பஸ்ஸில் எல்லோரும் சடசடவென்று கண்ணாடியை மூடினார்கள். பக்கத்து சீட் பெண் "ஹரி கந்தய் நே", சரியான நாற்றம் என்று சிங்களத்தில் முனகிக்கொண்டு மூக்கைப் பொத்தினாள். நான் மட்டும் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய, அந்த நாற்றத்தை ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தவள் நான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார். அப்பா இல்லை. வீட்டில் ஒருவருடைய பேராவது ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் பதிந்திருந்தால்தான், நாங்கள் குடியிருந்த லயத்து அறை எங்களுக்கு. எனக்கோ இன்னும் பேர் பதியவில்லை, என் கை எப்படி என்று பார்ப்பதற்காக இருநூறு மரம் கொடுத்திருந்தார்கள். பால் வெட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலாக ஓடினால் பால் வராது. பயத்தில் நான் ஒரு மரத்துக்கு ஒரு வேத வசனம் என்று சொல்லிக்கொண்டே வெட்டுவேன். முப்பதாவது மரத்தில் எனக்குத் தெரிந்த வசனமெல்லாம் தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஆண்டவருக்கு அலுத்துப்போயிருக்கும்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்திய ஞாயிறு போதகர் ஐயா பிரசங்கத்தில், "உங்க கையோட வேலையில முதல்ல வர்றத ஆண்டவருக்குக் கொண்டாங்க" என்றார். வருடா வருடம் சொல்வதுதான். சனங்களும் வருடா வருடம் பலாக்காய், வாழைக்குலை, கித்துல் பாணி என்று கொண்டுவருவார்கள். என்னிடம் ஒரு கோளாறு உண்டு, சொன்னால் சொன்னபடி எடுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டு வாழை அம்மா வைத்தது. என் கைவேலையில் வருவது ரப்பர் பால் மட்டும்தான். அது வாளியோடு தோட்டத்து ஸ்டோருக்குப் போய்விடும். மிச்சம் ஒட்டுப்பால். அதுவும் ஸ்டோருக்குரியதுதான், வீட்டுக்கு எடுத்துப்போனால் வேலை போய்விடும். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். "வீட்டுக்கா கொண்டுபோகிறேன், ஆண்டவருக்குத்தானே" என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை சேர்த்தேன். அம்மாவின் வெள்ளைத் துவாய்த் துண்டில் சுற்றி, பண்டிகையன்று ஆட்கள் வருமுன்னே போய், பீடத்தடியில் பூசணிக்காய்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. இரண்டாவது பாட்டு முடிவதற்குள் வெயில் ஏற, ஒட்டுப்பால் வேலையைக் காட்டத் தொடங்கியது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துப் போதகர் வீட்டம்மா டெட்டோல் போத்தலோடு பீடத்துக்குப் பின்னால் தேடினார். பாதிச் சபை பால் வெட்டுகிற சனம், அது என்ன வாடை என்று எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் கண்டக்டர் ஞானமுத்து ஐயா இருந்தார். பஸ் கண்டக்டர் இல்லை, தோட்டத்தில் மலையைச் சுற்றி எங்கள் வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர். ஆராதனை முடிந்ததும் அவர் துவாயைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு வெச்சது இது?" என்று கேட்டார்.

பக்கத்து மலையில் பால் வெட்டும் என் சிநேகிதி செல்வராணி என் தொடையைக் கிள்ளினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் பேர் பதிய மாட்டார்கள், அறை போகும், அம்மாவோடு தெருவில் நிற்க வேண்டும். கீழ்ப்படிகிறேன் என்று அத்தனை பாடுபட்டவளுக்கு, ஆண்டவர் வீட்டில் "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. பத்தாததற்கு வீட்டில் அம்மா, "தொவாய் எங்கடி?" என்று கேட்க, "காயப் போட்டிருக்கேன்" என்று இன்னொரு பொய் வேறு.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போனால், மேசைமேல் அந்த உருண்டை இருந்தது. "இது ஸ்டோருக்குப் போக வேண்டிய சாமான். வெச்சவங்களே எடுத்துட்டுப் போய்க் குடுத்துருங்க" என்றார் ஞானமுத்து ஐயா. என் கால் எப்படி முன்னால் போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நாந்தாங்க ஐயா. கைவேலையில மொதல்ல வர்றதக் கொண்டாங்கன்னு சொன்னாங்க. எனக்கு இது மட்டுந்தாங்க வருது."

பெரட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நேத்துக் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பேரு பதிய மாட்டீங்கன்னு பயந்துட்டேங்க."

"ஒம் மரத்தக் காட்டு" என்று முன்னால் நடந்தார். ஒவ்வொரு மரமாக வெட்டைத் தடவி, பட்டை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஊசியால் குத்திப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன். நாற்பது மரத்துக்கு மேல் பார்த்திருப்பார். ஒன்றிலும் காயம் இல்லை.

"ஸ்டோர் சாமானத் தொடுற வேல இன்னொருக்கா வேணாம். போய் வெட்டு, வெயில் ஏறுனா பால் நின்னுரும்."

அந்த மாதமே என் பேர் பதிந்தது. ஞானமுத்து ஐயா துவாயைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். வாடை போகவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருடப் பண்டிகை நெருங்கியபோது ஞானமுத்து ஐயா, "இந்த வருசம் என்னா புள்ள கொண்டாரப் போற? பேசாம கத்தியக் கொண்டா" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். நான்தான் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவளாயிற்றே, கத்தியைத் தீட்டித் துடைத்துப் பீடத்தில் வைத்தேன். போதகர் ஐயா அதன்மேல் கைவைத்து ஜெபித்துத் திருப்பித் தந்தார். அதற்கடுத்த வருடம் செல்வராணியும் வைத்தாள். பிறகு பால் வெட்டுகிற எல்லோரும் வைக்க ஆரம்பித்தார்கள். பூசணிக்காய்க்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது கத்தி வரிசையாக இருக்கும். ஞாயிறு ஜெபித்து எடுத்த கத்தியை, திங்கள் காலை மரத்தில் வைக்கும்போது கை தானாகப் பதமாகப் போகும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

இப்போது அந்த மலைகளில் ரப்பர் இல்லை. மரங்களைத் தறித்துவிட்டார்கள். ஞானமுத்து ஐயா கர்த்தருக்குள் போய்விட்டார், செல்வராணி மகனோடு கொழும்பில். எங்கள் பிள்ளைகள் உடுப்புத் தைக்கிற கார்மன்டுக்கும் கடைகளுக்கும் போகிறார்கள், பாவம், அவர்களும் ஓடி ஓடித்தான் உழைக்கிறார்கள். இந்த வருடப் பண்டிகைக்கு நானும் போயிருந்தேன். பீடத்தில் ஆப்பிள், பிஸ்கட் பெட்டி, சோடாப் போத்தல். அவற்றுக்கு நடுவில் என் கத்தியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் மைக்கில், "யாரோ ஒரு கத்திய மறந்து வெச்சிட்டீங்க, யாரோடதுங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டு முடிக்குமுன் எழுந்துவிட்டேன். "என்னோடதுங்க ஐயா."

"பழம் வெட்டக் கொண்டாந்தீங்களா அம்மா?" என்று அன்பாகக் கேட்டார்.

நுனி வளைந்த அந்தக் கத்தியால் ஒரு வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக நறுக்க முடியாது. யாராவது சிரிப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். கோயில் நிறையச் சனம். அது எதை வெட்டும் கத்தி என்று தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.