மூன்றாவது அளவு

எங்கள் பள்ளி நர்ஸம்மாவுக்கு இளகின மனசு. அதுதான் வினையாகப் போயிற்று.

குண்டான பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக் காட்டினால், "மாடியேறி வந்திருக்கே, கொஞ்சம் உட்காரு கண்ணு" என்பார். இரண்டாவது தடவையும் இறங்காவிட்டால் பயத்தின் மேல் பழியைப் போடுவார். மூன்றாவது தடவை கருவியை ஏறிட்டும் பார்க்காமல் நூற்றிருபது என்று எழுதிவிடுவார். பதினாலு வயசுக்குப் பிரஷராவது, பெற்றவர்கள் வயிற்றில் எதற்குப் புளியைக் கரைப்பது என்று கேட்பார். ஆசிரியர்கள் நாங்களும் தலையாட்டினோம்.

அவருடைய மகளும் எங்களிடம்தான் பத்தாவது படிக்கிறாள். எண்பத்தெட்டு கிலோ. ஒரு வாரமாகத் தலைவலி என்று இன்று அம்மாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். கருவி நூற்றைம்பத்திரண்டு காட்டியது. கால் மணி நேரம் பொறுத்து நூற்றைம்பத்தைந்து. நர்ஸம்மா மூன்றாவது தடவை அவள் கையில் பட்டையைச் சுற்றினார்.

"போன வருஷமும் இப்படித்தாம்மா காட்டுச்சு. நீதான் ஒண்ணுமில்லன்னு சொன்னே."

அவர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். மகளின் பெயருக்கு நேரே நூற்றிருபது. அதே பக்கத்தில் இன்னும் பதினொரு பிள்ளைகளுக்கும் நூற்றிருபது, முத்து முத்தான அதே கையெழுத்தில். அவற்றில் எது நிஜம் என்று எழுதியவருக்கே தெரியவில்லை.