இரும்புச் சட்டைக்காரியோடு நடந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், திருத்தங்கலில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் டிராகன் நான்தான். மேசையில் ஆடும் கதை ஆட்டம் அது. நான் கதை சொல்லிக்கொண்டே பகைவரையெல்லாம் நடத்துவேன். எதிரில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வீரராகி, பகடை உருட்டித் தப்பிக்க வேண்டும். நான் வேலை செய்யும் அச்சகத்தில் வீணான காலண்டர் தாளின் பின்புறம் கட்டம் போட்டால் குகை ரெடி. சட்டைப் பொத்தான்கள் ஆட்கள்.

ஆட வருபவர்கள் என் அண்ணன் மனைவியான மதினியும், அவரோடு பட்டாசுக் கம்பெனியில் ஒரே அறையில் வேலை பார்த்த மூன்று பெண்களும். சில வருடங்களுக்கு முன் அந்த அறையில் தீப்பிடித்தபோது மூவரும் வெளியே ஓடிவிட்டார்கள். மதினி கடைசியாக, வெந்த காலோடு வந்தார். இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார்.

ஆட்டத்தில் அவர் எடுத்தது இரும்புச் சட்டை போட்ட ஒருத்தியை. அடி தாங்குவாள், ஆனால் ஒரு முறைக்கு இரண்டு கட்டம்தான் நகர்வாள். மற்றவர்கள் ஆறு வரை போகலாம். முதல் ஞாயிறு, டிராகன் நெருப்பைக் கக்க வாயைத் திறந்ததும் மூவரும் வாசலைப் பார்த்துப் பறந்தார்கள். இரும்புச் சட்டைக்காரி தனியாக நின்று கருகினாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“சேந்து நின்னா ஜெயிச்சிருக்கலாம். ஏன் இப்படிச் செதறி ஓடுறீக?”

“தீயின்னா திரும்பிப் பாக்காம ஓடணும்னுதான கம்பெனில சொல்லிக் குடுத்துருக்காக” என்றாள் மூவரில் இளையவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

மதினி சிரித்தார். “அது சரிதான. நான் இனிமே வேடிக்கை பாக்கேன் கொழுந்தனாரே. என்னைய இழுத்துக்கிட்டு யாரும் ஆட முடியாது.”

அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சிரிப்பதே இந்த ஆட்டத்தில்தான். கெஞ்சிக் கூத்தாடி, இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சம்மதிக்க வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அதே குகை, அதே டிராகன். பகடைப்படி அந்த மூவருக்கும்தான் முதல் முறை. ஒருத்தியும் பொத்தானைத் தொடவில்லை.

“அக்கா நகரட்டும். அப்பறம் நாங்க போறோம்.”

முறையைத் தள்ளிப்போடலாம் என்பது விதியிலேயே உண்டு. நான் சொல்லிக்கொடுத்தும் யாரும் சீந்தாத விதி. மதினி இரண்டு கட்டம் நகர்ந்தார். அவர்களும் இரண்டே இரண்டு. என் நெருப்பு நேர்கோட்டில்தான் பாயும். எந்தக் கோட்டிலும் இருவர் அகப்படாதபடி விலகி, ஆனால் மதினியை நடுவில் விட்டு நின்றார்கள். பின்னால் நின்றவளைச் சுட்டேன். அவள் முன்னால் போக, இன்னொருத்தி அந்த இடத்துக்கு வந்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. தோளில் தூக்கிய சாமி சப்பரம் நகர்வதுபோல நாலு பொத்தான்களும் சேர்ந்து நகர்ந்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம், அவற்றுக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று நான் கண்டதே இல்லை. பகடையை ஏமாற்றாமல்தான் போட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் டிராகன் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இருவர் வெளியேறினார்கள். இளையவள் மட்டும் வாசலிலேயே நின்றாள். மதினிக்கு இன்னும் இரண்டு கட்டம் இருந்தது.

“போ தாயி. அடுத்த தீ ஒனக்குத்தான்.”

“நீங்க வாங்கக்கா.”

நெருப்பு அவள்மேல் பாய்ந்தது. நூலிழையில் பிழைத்தாள். மதினி வாசலுக்கு வந்து சேர்ந்தார். இளையவள் பொத்தான்களைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அன்னைக்கும் திரும்பிப் பாத்தேன்க்கா. வெறும் பொகையா இருந்துச்சு.”

மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, அடுத்த ஞாயிறும் தனக்கு அதே இரும்புச் சட்டைக்காரிதான் வேண்டும் என்றார்.