'எங்க பயம்?' என்று கேட்டவர்

முபாரக் பாய் போய்விட்ட செய்தி அவர் மகள் ரிஸ்வானாவின் ஃபோனிலிருந்து வந்தது. அவள் என்னைக் கூப்பிடுகிற பெண்ணே இல்லை. எதுவானாலும் என் மகள் கீர்த்தனாவிடம்தான் பேசுவாள். இருவரும் ஒரே கல்லூரி. அன்று மதியம் கீர்த்தனா கல்லூரி முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் ஓட்டி வந்துகொண்டிருந்தாள். நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வார்டு டியூட்டியில் இருந்தேன். திரையில் ரிஸ்வானா பெயரைப் பார்த்ததுமே கீர்த்தனாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். எடுத்தால் ஒரே அழுகை. "ஆன்ட்டி... ஆன்ட்டி..." என்பதைத் தாண்டி வார்த்தை வரவில்லை. "யாருடி? யாருன்னு சொல்லித் தொலை!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "அத்தா" என்றாள். கடையில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டதாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. என் பிள்ளை இல்லை என்ற நிம்மதிதான் வந்தது. ஒரு மூச்சு நேரம்தான். அதற்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுதினால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். பயத்தைப் பற்றிப் பொய் சொல்வது மட்டும் அவருக்குப் பிடிக்காது.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்புக்குப் பின்னால், விற்காமல் கிடக்கும் அந்த மனைப்பிரிவில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு புழுதி தின்ற உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுப்பட்டினம் கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக்கடை. அணுபுரம் குடியிருப்பில் பாதி வீடுகளின் குக்கர் அவர் கடையில் வாங்கியதுதான். ரிஸ்வானா ஆசைப்பட்டாள் என்பதற்காக ஐம்பதைத் தாண்டிய வயதில் அவளோடு சேர்ந்து ஆட்டோகிராஸ் ஓட்ட வந்தவர். வெறும் மண் தரையில் கோன்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார். யார் கோனைத் தட்டாமல் சீக்கிரம் வருகிறார்களோ அவர்களுக்குக் கைதட்டல். பரிசு என்று பார்த்தால் டீயும் சமோசாவும்தான். பத்தொன்பது வயது தாண்டாத பிள்ளை ஓட்ட வந்தால் தாயோ தகப்பனோ கூட வரவேண்டும்; வருவது மட்டுமில்லை, அதே காரை அதே பாதையில் பிள்ளைக்கு முன்னால் அவர்கள் ஓட்டிக் காட்டவேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

நான் முதலில் அங்கே போனது சண்டை போடத்தான். விபத்துப் பிரிவில் வேலை பார்க்கிற செவிலியின் வீட்டில், பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வாங்கிய கையோடு ஒரு பெண் "அம்மா, நான் ரேஸ் ஓட்டப் போறேன்" என்றால் எப்படி இருக்கும்? ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து என்னென்ன கோலத்தில் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள் நான். இறங்கியதும் நேரே அவரிடம் போய், "ஏன் பாய், பொம்பளப் புள்ளைங்களக் கூட்டியாந்து வேடிக்க காட்றீங்களா? என் வார்டுக்கு வந்து பாருங்க, அப்பத் தெரியும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "வர மாட்டேன் சிஸ்டர். ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துரும்" என்றார். பிறகு என் காரைப் பார்த்தார். "பயமா கீதில்ல? நல்லதுதான். ஹெல்மெட் போட்டுகினு வண்டிய எடுங்க."

"நானா?"

"பின்ன? புள்ள ஓட்டப் போற எடத்த நீங்க பாக்க வேணாமா?"

வீராப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தொடக்கக் கோட்டில் பச்சைக் கொடியோடு நின்ற பாய் ஜன்னல் பக்கம் குனிந்து, "எங்க பயம்?" என்று கேட்டார். இன்றைக்கு நாம் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிற அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எல்லா எடத்துலயும்தான்!" என்றேன்.

"எல்லா எடத்துலயும்னா அதுக்குப் பேரு பயம் இல்ல சிஸ்டர், பேஜாரு. ஒரே ஒரு எடம் சொல்லுங்க. தெரியலன்னா எறங்கி நடந்து பாத்துட்டு வரிசையில கடைசியா வாங்க."

போய்யா நீயும் உன் விதியும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பாதை முழுக்க நடந்தேன். மூன்றாவது திருப்பத்தில் செருப்பு புதைந்தது. கடற்காற்று அள்ளிப் போட்ட மணல் அங்கே குவிந்திருந்தது. திரும்பி வந்து, "மூணாவது திருப்பம். மணல்" என்றேன். உடனே கொடியை அசைத்தார். நான் ஓட்டிய லட்சணத்தைப் பற்றிக் கீர்த்தனா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்: "எங்கம்மா ஓட்டினதுக்கு சாமி ஊர்வலமே முன்னாடி போயிருக்கும்." ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை உடம்பு முழுக்கப் பரவியிருந்த என் பயம் அந்த மூன்றாவது திருப்பத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற இடங்களில் எனக்கு ஓரளவு கண் தெரிந்தது.

அவரிடம் யாரும் தப்ப முடியாது. "பயமே இல்ல பாய்" என்று மார்தட்டுகிற பையன்களைச் சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசிக்கு அனுப்புவார். ஒருமுறை மாமல்லபுரத்துக்காரர் ஒருவர், வீட்டில் பெரிய சண்டை, அதே நினைப்பாக இருக்கிறது என்றார். "வூட்டு பயத்த வண்டியில ஏத்தாத மச்சான். இந்த கிரவுண்டுக்குள்ள ஒரு எடம் சொல்லு" என்று அவரையும் திருப்பி அனுப்பினார். அந்த ஆள் முறைத்துக்கொண்டே போனார். பிறகு நடந்து பார்த்துவிட்டு வந்து ஒழுங்காகப் பதில் சொன்னார்.

இத்தனை பேரைக் கேள்வி கேட்ட மனிதருக்கு, தன் மகளுக்குக் கொடி காட்டத் தைரியம் கிடையாது என்பதை நான் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். ரிஸ்வானாவின் முறை வந்ததும் கொடியை யார் கையிலாவது திணித்துவிட்டு, புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற டிராக்டருக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே சவுக்கு மரங்களைப் பார்த்தபடி, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. "பாக்காம நின்னா ஒண்ணும் ஆகாதா பாய்?" என்று ஒருநாள் போய்க் கேட்டேன். "பாத்தா என் காலு தன்னால பிரேக்க அமுக்குது சிஸ்டர். இங்க இன்னா பிரேக்கு கீது? வெறும் மண்ணு" என்றார். குனிந்து பார்த்தால் அவருடைய வலது செருப்பு அப்போதும் மண்ணை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. என் கதையும் அதுதானே! அன்றைக்கு இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டோம். அவர் மகளுக்கு நான் கொடி காட்டுவது, என் மகளுக்கு அவர் காட்டுவது. ஒருவர் கொடி பிடிக்கும்போது மற்றவர் டிராக்டருக்குப் பின்னால்.

அப்படி நான் பின்னால் நின்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. கார் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்து திடீரென்று தேய்கிற சத்தமாக மாறியது. பிறகு ஒரு 'டொம்'. பிறகு ஒன்றுமில்லை. திரும்பினால் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் புழுதி. எப்படி ஓடினேன் என்று தெரியாது. கை கால் முறிந்து வந்த எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறேன்! அந்தப் புழுதிக்குள் என் மகள் பெயர்கூட எனக்கு வாயில் வரவில்லை. "பாப்பா, பாப்பா" என்று, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயரைத்தான் கத்தியிருக்கிறேன். நான் போவதற்குள் பாய் அங்கே இருந்தார். கதவைத் திறந்து, "கண்ணு, அசையாத. அம்மா வந்துகினு கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைக்கு எல்லை காட்ட நட்டிருந்த கல் ஒன்று, பிடுங்காமல் விட்டுப்போனது, முன்சக்கரத்தை வளைத்துவிட்டிருந்தது. கீர்த்தனாவுக்குத் தோள்பட்டையில் பெல்ட் அழுத்திய தடிப்பு மட்டும்தான். கழுத்து, முதுகு, விரல்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகு ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

அவள் தேம்பித் தேம்பி ஒன்றைச் சொன்னாள். பாய் கேட்டபோது அவள் "ரெண்டாவது திருப்பம்" என்று சொல்லியிருந்தாள். அங்கே அவளுக்குப் பயமே இல்லை. பாதையை அவள் நடந்தே பார்க்கவில்லை. முன்னால் நின்ற பையன் சொன்னதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்திருந்தாள். அதனால் இரண்டாவது திருப்பத்தைத் தாண்டியதும் ஆபத்து முடிந்தது என்று ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டாள். நடந்து பார்த்திருந்தால் பாதை ஓரத்துப் புல்லில் அந்தக் கல் தெரிந்திருக்கும்.

பாய் திட்டவில்லை. "அடுத்தவன் பயத்த வாங்கி மாட்டிக்காத கண்ணு. அவன் கண்ணாடிய நீ போட்டா உனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவ்வளவுதான். பிறகு டிராக்டருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னிடம் வந்தார். "கொடி காட்டினது நானு சிஸ்டர். அந்தக் கல்ல நானும் பாக்கல" என்றார். கல்லைப் பிடுங்காதது எங்கள் எல்லோருடைய தவறும்தான். அவர் அப்படிப் பங்கு போட்டுக்கொள்ளச் சம்மதிக்கவில்லை.

அதோடு போதும் என்று வண்டிச் சாவியைப் பூட்டி வைத்துவிட்டேன். அவர் ரிஸ்வானாவோடு செங்கல்பட்டுக்கு எங்கள் வீடு தேடி வந்தார். மறுபடி வரச்சொல்லிக் கெஞ்சுவார் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ, "நிறுத்திருங்க சிஸ்டர். நானும் நிறுத்திடலாம்னு கீறேன்" என்றார். கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீர்த்தனாதான் பேசினாள்: "அங்கிள், ஓட்ட வேணாம். நடக்க மட்டும் வரட்டுமா?" நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நடப்பதை எப்படி வேண்டாம் என்பது?

பல ஞாயிறுகள் அவள் நடந்தாள். பாதை முழுக்க, வெயிலில், குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு. ஒருநாள் அவரிடம் வந்து, "ஏழாவது கோன் பக்கம் சவுக்கு நெழல் விழுது அங்கிள். அங்க பள்ளம் இருந்தாலும் தெரியாது. எனக்கு அங்கதான் பயம்" என்றாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! "இது உன் சொந்த பயம்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். மனசாரக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அவர் போன பிறகு முதல்முறையாக நாம் கூடிய ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். கொடியைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் இருவரும் பத்தொன்பதைத் தாண்டியாயிற்று; முதல் வண்டியாக ரிஸ்வானா வந்து நின்றாள். குனிந்தேன். "எங்க பயம்?" என்றேன். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "வூடு ஆன்ட்டி. இங்கேருந்து திரும்பி அந்த வூட்டுக்குள்ள போகணுமே, அதான்" என்றாள்.

ஐயோ, அந்த நேரத்தில் அவளை அள்ளி அணைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் அவள் கண் பாதையில் இல்லை. "கடைசிக்குப் போ ரிஸ்வானா" என்றேன். "சிஸ்டர், பாவம், விட்ருங்க" என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். நான் கத்தியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், சொன்னதற்கு இல்லை. அவள் இறங்கி நடந்தாள், அழுதுகொண்டே நடந்தாள். மறுபடி முறை வந்தபோது முன்கண்ணாடி வழியே பாதையை நேராகப் பார்த்து, "நாலாவது கோன். மழத் தண்ணி மண்ண அரிச்சிகினு போயிருக்கு" என்றாள். கொடியை அசைத்தேன். ஒரு கோனைக்கூடத் தட்டாமல் திரும்பி வந்தாள்.

அவளுக்குப் பின்னால் கீர்த்தனா. கை எழவில்லை எனக்கு. இத்தனை நாள் என் மகளுக்கு நான் கொடி காட்டியதே இல்லையே! ரிஸ்வானா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்து கொடியை என் கையிலிருந்து வாங்கினாள். "இவளுக்கு அத்தாதான காட்டுவாரு. நீங்க போங்க ஆன்ட்டி, டிராக்டர் பின்னாடி" என்றாள். போனேன். சவுக்கு மரங்களைப் பார்த்து நின்றேன். "எங்க பயம்?" என்று அவள் கேட்பது காற்றில் வந்தது. கீர்த்தனாவின் பதில் காதில் விழவில்லை. வண்டி கிளம்பியது. என் வலது கால் மண்ணை அழுத்தியது.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். காலையில் கீர்த்தனா சாவியை எடுக்கும்போது "பாத்துப் போ" என்று நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை. "எங்க பயம்?" என்று கேட்கிறேன். "பூஞ்சேரி திருப்பம்மா, லாரி ஜாஸ்தி" என்பாள். சில நாள் வேறு இடம் சொல்வாள். கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவள் சொல்லும்வரை எனக்கு அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் பயம். வார்டில் ஊசி போட்டுக்கொண்டே வலது காலால் தரையை அழுத்திக்கொண்டு நிற்கிறேன். இங்கேயும் பிரேக் இல்லை பாய்.