நான் நீக்கிய பதினேழாவது கட்டம்

அந்தப் படிவத்தில் முதலில் நாற்பத்திரண்டு கட்டங்கள் இருந்தன. நான் அதை இருபத்தைந்தாகக் குறைத்தேன். ஒரே பக்கத்தில் அடங்கியது. என் வேலையிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நான் படித்தது கணினிப் பொறியியல். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, மும்பை செம்பூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பத்தாவதுக்குப் பிறகு என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று திட்டமிடும் நிகழ்ச்சி ஒன்றைப் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொண்டுவருவது எங்கள் பணி. ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையும் படிவம் நிரப்ப வேண்டும். பொறுப்பாசிரியர் ஒருவர் அதைப் பார்த்துப் பிள்ளையிடம் பேசுவார். நான் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, திட்டம் முழுமையானால் பச்சை, பாதியென்றால் மஞ்சள், ஒன்றுமே இல்லையென்றால் சிவப்பு என்று காட்டுவேன். தாராவி, கோவண்டி, தேவ்நார் பக்கம் ஏழு பள்ளிகள் என் பொறுப்பில் இருந்தன.

தாராவிப் பள்ளி ஆங்கில வழிப் பள்ளி. அங்கே பொறுப்பாசிரியை கணக்கு டீச்சர், மராத்திக்காரர். படிவம் நிரப்பவே இரண்டு பீரியட் போய்விடுகிறது, போர்ஷனை யார் முடிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றே அவர் மேசையில் உட்கார்ந்து தேவையில்லாத கட்டங்களை அடித்தேன். ரத்த வகை வேண்டாம், ரேஷன் கார்டின் நிறம் வேண்டாம், உடன்பிறந்தோர் வயது வேண்டாம். பதினேழாவது கட்டம் தாய்மொழி. அதை அடிக்கும்போது மட்டும் டீச்சர், இது இருக்கட்டுமே என்று ஹிந்தியில் சொன்னார். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதற்கும் பார்க்கப்போகிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் திருத்த வேண்டிய நோட்டுகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அதற்குப் பதில் என்னிடமே இருந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் மாட்டுங்கா பக்கம் நான் படித்த கல்லூரியில் பதினொன்றாவதில் எனக்கு இடம் கிடைத்ததே தாய்மொழியால்தான்; மும்பையில் பத்தாவது முடிந்ததும் கல்லூரிதான். தமிழர்கள் நடத்தும் கல்லூரி என்பதால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு அங்கே ஒதுக்கீடு உண்டு. பொதுப் பட்டியலில் என் மதிப்பெண் போதவில்லை. அப்பா அலுவலகம் போகிறவர். பள்ளியில் டி.சி. வாங்கிய அன்று கவுன்டரை விட்டு நகராமல், பெயர், பிறந்த தேதி, தாய்மொழி என்று ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நன்றாகப் படித்தேன், இடம் கிடைத்தது என்றுதான் இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

அந்த வருடம் தாராவிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஒரு பெண், எந்தக் கல்லூரி என்று கேட்ட மூன்று கட்டங்களிலும் அதே கல்லூரியின் பெயரை எழுதியிருந்தாள். ஒரே பெயரை இரண்டு முறை என் மென்பொருள் ஏற்காது. மஞ்சள் காட்டியது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வேற எங்கயும் அப்பா விட மாட்டாவக்கா. அங்கன நடந்தே போயிரலாம்" என்றாள்.

அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் வெட்டு வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என்ன ஆக வேண்டும் என்ற கட்டத்தில் எக்ஸ்ரே எடுப்பவர் என்று எழுதியிருந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் டாக்டர், போலீஸ், யூடியூபர் என்று எழுதியிருந்த படிவங்களுக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது. அம்மாவுக்குக் கை முறிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, எக்ஸ்ரே அறையில் இருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் கதவைத் திறந்து வெளியே போ என்றதும், அதுவரை எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த வார்டு பாய்கூட வாயை மூடிக்கொண்டு போனானாம். அதுதான் காரணம். அதைவிடத் தெளிவான காரணத்தை நான் எந்தப் படிவத்திலும் பார்க்கவில்லை.

அதற்குப் பன்னிரண்டாவது வரை சயின்ஸ் வேண்டும். நடக்கும் தூரத்தில் சயின்ஸ் இருந்த மற்ற கல்லூரிகளில் தொண்ணூறுக்கு மேல் கேட்பார்கள். அவள் எண்பதுக்குப் பக்கத்தில் வாங்கக்கூடியவள். தமிழ்ப் பிள்ளைதானே, ஒதுக்கீட்டில் நிச்சயம் கிடைக்கும், கவலைப்படாதே என்றேன். படிவம் பச்சையாக வேண்டுமே என்று, மீதி இரண்டு கட்டங்களிலும் ஏதாவது எழுதச் சொன்னேன். முலுண்டில் ஒன்று, செம்பூரில் ஒன்று எழுதினாள். குறிப்பு என்ற இடத்தில் நானே தட்டினேன்: தமிழ் ஒதுக்கீடு, உறுதி.

பத்தாவதில் எண்பத்தொரு சதவீதம் வாங்கினாள். அப்பா பட்டறைக்கெல்லாம் பேடா வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு பெட்டி வந்தது. ஆன்லைன் விண்ணப்பத்திலும் ஒன்பதாவதில் எழுதிய அதே வரிசையைப் போட்டோம். அது பொது இடங்களுக்கு. ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கல்லூரியிலேயே போய்க் காகிதங்களைக் காட்ட வேண்டும். நானும் அவளோடு போனேன். எனக்குத் தெரிந்த கவுன்டர், தெரிந்த வரிசை. உள்ளே இருந்தவர் வயதான மாட்டுங்காக்காரர், நான் சேர்ந்தபோதும் அவர்தான் இருந்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், தலையாட்டினார். டி.சி.யைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"ஏன்மா, தாய்மொழி ஹிந்தின்னா போட்டிருக்கு?"

இல்லை சார், நாங்க தமிழ்தான் என்றாள் அவள். ஊர்ப் பெயர், தாத்தா பெயர், குலதெய்வம் வரைக்கும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. அவர்மேல் கோபப்பட எனக்கு எவ்வளவோ ஆசை இருந்தும் முடியவில்லை.

"நன்னாத்தான் பேசறே. காகிதம் பேசலையே. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயாவது முன்னாடியே பார்த்திருக்கப்படாதோ?" என்றார்.

பள்ளிக்குத் திரும்பினோம். அலுவலகத்தில் பெரிய பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். கே.ஜி. சேர்க்கையில் அப்பாவே கையெழுத்துப் போட்ட வரியில் ஹிந்தி என்றிருந்தது. பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே மனுக் கொடுத்தால், கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கித் திருத்தியிருக்கலாம் என்றார் ஹெட் கிளார்க். சில மாதம் ஆகும், ஆனால் நடக்கும். டி.சி. கொடுத்த பிறகு அது பெரிய வேலை. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குள் நடக்காது. சில மாதம் என்ற சொல்லை மனதில் கணக்குப் போட்டேன். அவளுடைய படிவம் என்னிடம் ஒன்றரை வருடம் பச்சையாக இருந்திருக்கிறது.

பட்டறைக்குப் போய் அவள் அப்பாவைப் பார்த்தேன். தோல் துண்டுகளை ஒதுக்கிவிட்டு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஏன் ஹிந்தி என்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க சால்ல, அந்த லைன் வீட்டுல பூராப் பேரும் அப்படித்தான் மேடம் போட்டுருக்கோம். மதராசின்னு சொன்னா, உங்களுக்குத்தான் முனிசிபாலிட்டி தமிழ் ஸ்கூல் இருக்குலா, அங்க போங்கன்னு தள்ளி விட்டுருவாம்னு பயம். பிள்ள இங்கிலீஷ் படிக்கணும்லா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஹிந்தி ஒழுங்கா வராது. அன்னைக்கு அந்த ஒத்த வார்த்தைய மட்டும் நல்லா சொன்னேன்."

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். இவரும் சிரித்தார். பிறகு இருவருமே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆன்லைன் பட்டியலில் அவளுக்கு முலுண்ட் கல்லூரி வந்தது, சயின்ஸ். கட்டம் நிரம்ப வேண்டும் என்பதற்காக எழுதவைத்த அதே முலுண்ட். மறுபடி பட்டறைக்குப் போய், சயான் ஸ்டேஷனில் ஏறினால் நேர் வண்டி என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். லேடீஸ் பெட்டி இருக்கிறது, பாஸ் எடுத்துவிடலாம், நானே முதல் வாரம் கூடப் போய்வருகிறேன் என்றேன். நானும் பதினாறு வயதிலிருந்து ரயிலில் போனவள்தான் என்றும், அந்த மாட்டுங்கா கல்லூரியில் இதே ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அவர் கத்தியைத் துணியில் துடைத்தார். காலையில் சயானில் பெண்பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்குவதைத் தினமும் பார்க்கிறேன் என்றார். பிறகு, "உங்க அப்பா எழுதும்போது பாத்து எழுதியிருக்காவ. நான் பாக்கல. அதுக்குப் பிள்ளைய வண்டில தொங்க விடச் சொல்லுதியளா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பெண் கதவருகே நின்றிருந்தாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பாவை அல்ல.

இடம் ஒதுக்கப்பட்டது என்ற செய்தி அரசு இணையதளத்திலிருந்து என் மென்பொருளுக்குத் தானாக வந்து சேரும்படி நான்தான் செய்திருந்தேன். சேர்க்கைப் பட்டியலிலும் அவள் பெயர் பச்சையானது. கல்லூரியில் சேர்ந்தாளா என்று கேட்கும் கட்டம் எங்கள் அமைப்பில் இல்லை. ஆண்டறிக்கையில் அவளும் ஒரு வெற்றிதான். அதை எடுத்துவிடலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். இடம் வந்தது உண்மைதானே, குடும்பம் எடுக்கிற முடிவுக்கு நாம் எப்படிப் பொறுப்பு என்றார். நான் மேலும் வாதாடியிருக்கலாம். மறுநாள் கோவண்டியில் பயிற்சி வகுப்பு இருந்தது, அதற்குத் தயார் செய்யப் போய்விட்டேன்.

படிவத்தில் தாய்மொழிக் கட்டத்தைத் திரும்பச் சேர்த்தேன். பக்கத்திலேயே, ‘பள்ளிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது?’ என்று இன்னொன்றும் போட்டேன். அந்த ஒரு பள்ளியில் மட்டும் பத்தாவதில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஹிந்தி என்று வந்தது. கணக்கு டீச்சர் தாளை என் முன்னால் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். அலுவலகக் கூட்டத்தில் இதை ‘களத்திலிருந்து கற்றது’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பேசினேன். கைதட்டினார்கள். நல்ல நுணுக்கம் என்று நன்கொடையாளர் தரப்பிலிருந்து வந்தவர் பாராட்டினார். எந்தப் பெண் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து, முடித்துப்போன பிள்ளைகளுக்குப் போன் செய்து கேள்வி கேட்கும் வேலை வந்தது. அவள் பெயரை வேறு ஒருவருக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. அதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். பட்டியலில் அவள் வரிசை வந்தது, எண்ணை அழுத்தினேன்.

நான் தமிழில் பேசினேன். அவள், சொல்லுங்கள் என்பதை ஹிந்தியில், "ஹாங் மேடம், போலியே" என்றாள். முன்பெல்லாம் என்னை அக்கா என்பாள்.

படிக்கிறாயா, வேலை பார்க்கிறாயா, இரண்டுமா? வேலை, பட்டறையில் பைக்கு ஜிப் வைத்துத் தைக்கிறேன் என்றாள் ஹிந்தியில். அருகில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அஞ்சல் வழியில் சேர்ந்திருக்கிறாயா? இல்லை. ஒன்பதாவதில் சொன்ன இலட்சியம் இப்போதும் அதேவா?

என்ன எழுதியிருந்தேன் என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். எக்ஸ்ரே எடுப்பவர்.

மெஷின் சத்தம் நின்றது. பிறகு, அதை எடுத்துவிடுங்கள் என்றாள்.

தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி. தங்கை அதே பள்ளியில் ஆறாவது. அதற்கு மட்டும் தமிழில் பதில் வந்தது. "அவளுக்கு ரிஜிஸ்டர்ல மாத்தியாச்சு. நானே போயி எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

கடைசிக் கேள்வி ஒன்று மீதி இருந்தது. கேட்காமல் விட்டால் அந்த வரிசை மஞ்சளாகவே நிற்கும். எங்கள் நிகழ்ச்சி உனக்கு எவ்வளவு பயன்பட்டது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல் என்றேன்.

"பாஞ்ச் லிக் தோ, மேடம்" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஐந்து என்று எழுதினேன்.